கணக்கில் எழுதாத உதவிகள்: கிட்வாய் நகரின் பெயரும் ஒரு குடும்பத்தின் வரலாறும்

புது தில்லியின் தென்பகுதியில், அரவிந்தர் சாலையின் இருபுறமும் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்து அமைந்துள்ளது கிட்வாய் நகர். வடக்கே ஐ.என்.ஏ. சந்தையும் தில்லி ஹாட்டும் உள்ளன. தெற்கே வட்டச் சாலையைக் கடந்தால் எய்ம்ஸ் எனப்படும் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எதிரெதிரே நிற்கின்றன. 1950களில் நடுவண் அரசு ஊழியர்க்கென உருவான இக்குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துள்ளன. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த எண்ணற்ற கடித உறைகளில் 'கிட்வாய் நகர், புது தில்லி' என்ற முகவரி எழுதப்பட்டிருக்கும். அப்பெயர்க்குரியவர் யார் என்பதை அறிந்து எழுதியவர் சிலரே இருந்திருப்பர்.

அவர் ரஃபி அகமது கிட்வாய். விடுதலை இந்தியாவின் முதல் அமைச்சரவையில் தகவல் தொடர்புத் துறையையும், 1952 முதல் உணவு, வேளாண்மைத் துறையையும் ஏற்றவர். அவருடைய நிர்வாகத் திறனுக்கு இணையாக அவர்காலத்தவர் நினைவில் நின்றது, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த அவருடைய கை. 1954 அக்டோபர் 24 அன்று அவர் காலமானபோது எஞ்சியவை கடனும், சொந்த ஊரில் பழுதுற்ற ஒரு வீடுமே. அதே குடும்பத்தைச் சேர்ந்த அனீஸ் கிட்வாய், ரஃபியின் தம்பி மனைவி. 1947 இலையுதிர்காலத்தில் முன்பின் அறியாதோர் கையால் கணவனை இழந்தவர். இழந்த சில வாரங்களிலேயே முன்பின் அறியாதோர்க்குத் தொண்டு செய்யத் தில்லி அகதி முகாம்களுக்குச் சென்றவர்.

அறியாதவர்க்குச் செய்யும் சிற்றுதவி எதைத் திருப்பித் தருகிறது? அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவை வரலாற்றாய்வு பெரும்பாலும் ஒதுக்கியே வந்துள்ளது. ஒரு குடியிருப்பின் பெயர்ப்பலகைக்குப் பின்னுள்ள இவ்விருவரின் வாழ்வு, அவ்வினாவை ஆவணங்களின் வெளிச்சத்தில் மீண்டும் எழுப்ப இடந்தருகிறது.

கொடையும் கைம்மாறும்

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வுரை, சமூக அறிவியலில் ஒரு திருப்பம். கொடை என்பது தன்னிச்சையானதாகத் தோற்றமளித்தாலும், கொடுத்தல், பெறுதல், திருப்பிச் செலுத்துதல் என்னும் மூன்று கடப்பாடுகளால் கட்டுண்டது என்பது அவர் முடிவு. சங்க கால வள்ளல்–புலவர் உறவும் ஏறத்தாழ இச்சட்டகத்துள் அடங்குவதே. வள்ளல் பொருள் தந்தான்; புலவர் புகழ் தந்தார். பாரியும் பேகனும் இன்றும் பேசப்படுவது அப்பரிமாற்றத்தின் பயனால்தான். பாடுவதற்குப் புலவர் இல்லாத இடத்தில் நிகழ்ந்த கொடைகள் எத்தனையோ; அவற்றைப் பற்றிய சான்று ஏதுமில்லை.

வள்ளுவர் இவ்வேறுபாட்டை அதிகார வைப்பிலேயே உணர்த்துகிறார். பெற்றவன் கொள்ளவேண்டிய நினைவு 'செய்ந்நன்றியறிதல்' என இல்லறவியலின் முற்பகுதியில் தனியே நிற்கிறது. கொடுப்பவனின் கடமை 'ஒப்புரவறிதல்', 'ஈகை' எனப் பின்னர் அடுத்தடுத்து வருகிறது. நன்றி பெற்றவனுக்குரிய அறம். அதை எதிர்பார்ப்பது கொடுத்தவனுக்குரியதன்று என்ற பிரிவினை இவ்வமைப்பில் புலப்படுகிறது.

மோஸின் சட்டகம் முகமறிந்தவர்களிடையே நிகழும் கொடைக்குப் பொருந்தும். முகமறியாதவர்க்குக் கொடுப்பதை ஆராய்ந்தவர் பிரித்தானியச் சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ். 1970இல் வெளிவந்த அவருடைய நூல் குருதிக்கொடையை எடுத்துக்கொண்டது. குருதி தருபவர் பெறுபவரை அறியார். பெறுபவரும் தந்தவரை அறியார். நன்றி சொல்லவும் வழியில்லை. இத்தகைய கொடையின் பயன் தனிமனிதரிடம் திரும்புவதில்லை, அறியாதவர்மீது நம்பிக்கை கொள்ளத்தக்க ஒரு சமூகமாக அது திரும்புகிறது என்று அவர் வாதிட்டார். ரஃபி, அனீஸ் இருவரின் வரலாற்றையும் இவ்விரு சட்டகங்களுக்கும் இடையில் வைத்துப் பார்ப்பது பயனுடையது.

ரஃபி: கொடையா, அரசியல் முதலீடா?

ரஃபி அகமது 1894 பிப்ரவரி 18 அன்று ஐக்கிய மாகாணத்தின் பாராபங்கி மாவட்டத்தில் உள்ள மசௌலி என்னும் ஊரில், நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அலிகரில் கற்றவர், கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்களின் காலத்தில் படிப்பைத் துறந்து சிறை சென்றார். மோதிலால் நேருவின் செயலராகப் பணியாற்றினார். 1926இல் நடுவண் சட்டமன்றத்துக்குத் தேர்வாகிச் சுயராஜ்யக் கட்சியின் கொறடாவானார். 1937இல் ஐக்கிய மாகாண அமைச்சராகி வருவாய்த் துறையை ஏற்றபோது, தாம் பிறந்த நிலவுடைமை வர்க்கத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் குத்தகைச் சட்டத்துக்காகவே உழைத்தார். அவருக்குப் பிறந்த ஒரே மகன் ஏழாம் அகவையில் இறந்துவிட்டான்.

லக்னோவிலும் தில்லியிலும் அவர் இல்லம் எப்போதும் விருந்தினரால் நிறைந்திருந்தது. சிறை சென்றவர்களின் குடும்பங்கள், வேலையிழந்த தொண்டர்கள், மாணவர்கள், எதிர்க்கட்சியினர் என வந்தவர் யாராயினும் கையிலிருந்ததைக் கொடுத்தார். இல்லாதபோது கடன் வாங்கிக் கொடுத்தார். கணக்கு எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. அவரைப் பற்றி எழுதிய நண்பர்களும் அரசியல் எதிரிகளும் ஒத்துக்கொள்ளும் செய்தி இது.

இங்கே ஆய்வாளர் எச்சரிக்கையுடன் நடக்கவேண்டும். ரஃபி வெறும் வள்ளல் அல்லர். தம் காலத்தின் மிகத் திறமையான கட்சி அமைப்பாளர்களுள் ஒருவர். உத்தரப் பிரதேசக் காங்கிரசில் அவருக்கென ஒரு குழு இருந்தது. அம்மாநிலக் காங்கிரசின் உட்குழு அரசியலை ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்ட பால் பிராஸ், அங்கே குழுக்கள் கொள்கையைவிடத் தனிமனிதப் பற்றினாலேயே கட்டுண்டிருந்ததைக் காட்டினார். அத்தகைய பற்றை ஈட்டிய தலைவர்களுள் ரஃபி முதன்மையானவர். செல்வரிடம் பெற்றுத் தொண்டர்க்குக் கொடுத்தார் என்ற குறைகூறலும் அவர்மீது உண்டு. எனவே அவருடைய கொடையில் ஒரு பகுதி, மோஸ் சொன்ன பொருளில், திருப்பிச் செலுத்தப்படும் கொடையே. பெற்றவர்கள் விசுவாசத்தைத் திருப்பித் தந்தனர்.

எனினும் இவ்விளக்கம் முழுமையானதன்று. அரசியல் முதலீடு செய்பவர் முதலையும் வட்டியையும் எங்கேனும் சேர்த்துவைப்பார். ரஃபி சேர்த்துவைக்கவில்லை. அமைச்சராகவே இறந்த ஒருவர் கடனாளியாக இறந்தார். அவர் கொடுத்தவற்றுள் ஒரு பெரும்பகுதி, வாக்காகவோ பதவியாகவோ ஒருபோதும் திரும்பி வர இயலாதவர்களுக்குச் சென்றது என்பதற்கு அக்கடனே மறைமுகமான சான்று. தனிமனிதரின் ஈகையை மதிப்பிட வரலாற்றாசிரியர்க்குக் கிடைக்கும் ஆவணங்களுள் கடன் பட்டியலும் ஒன்று என்பதை இவ்வாழ்வு உணர்த்துகிறது.

நாகபுரியில் நள்ளிரவு

ரஃபியின் இயல்பு அவர் ஏற்ற துறைகளிலும் வெளிப்பட்டது. 1949 சனவரி 30 அன்று இரவு விமான அஞ்சல் சேவை தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நடுவிலுள்ள நாகபுரியில் சந்தித்து, அஞ்சற்பைகளை மாற்றிக்கொண்டு விடியலில் அவரவர் நகருக்குத் திரும்பின. அதே ஆண்டு ஏப்ரல் முதல், கூடுதல் கட்டணமின்றியே உள்நாட்டுக் கடிதங்கள் விமானத்தில் சென்றன. அதுவரை விமான அஞ்சல் வசதி படைத்தவர்க்கு உரியதாக இருந்தது. இப்போது சாதாரணக் கடித உறையும் ஓரிரவில் சென்னையிலிருந்து தில்லி சேர்ந்தது.

தில்லித் தமிழர்க்கு இது சிறிய செய்தியன்று. சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் விரைவுவண்டியில் தில்லி வர இரண்டு இரவுகள் கழியும். தாய் நோயுற்ற செய்தியும், தங்கையின் திருமணப் பேச்சும், மகனின் தேர்வு முடிவும் அவ்வண்டியின் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தன. பின்னாளில் கிட்வாய் நகரில் குடியேறிய எழுத்தர்களின் வீட்டுக் கடிதங்கள், அப்பெயர்க்குரியவர் தொடங்கிவைத்த இரவு விமானங்களிலேயே பல ஆண்டுகள் வந்தன. பெற்றவர் அறியாமலே பெற்ற உதவி இது.

தமிழகத்துடன் அவருக்கிருந்த மற்றொரு தொடர்பு உணவுக் கட்டுப்பாடு தொடர்பானது. 1952 சூனில் சென்னை மாகாண முதலமைச்சர் இராசாசி உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். பலரும் அஞ்சிய அம்முடிவுக்கு நடுவண் உணவு அமைச்சராகத் துணைநின்றவர் ரஃபி. பின்னர் கட்டுப்பாட்டு நீக்கத்தைப் பிற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தினார். உழவரும் வணிகரும் பதுக்குவோரே என்ற ஐயத்தின்மீது எழுந்த ஓர் ஏற்பாட்டை, அவர்கள்மீது வைத்த நம்பிக்கையால் மாற்றிப் பார்க்கலாம் என்று இருவரும் கருதினர்.

1947: அறியாதவர் என்னும் அச்சம்

அறியாதவர்க்கு உதவுதல் அமைதிக் காலத்தில் எளிது. அறியாதவர் ஒவ்வொருவரும் பகைவராகத் தோன்றும் காலத்தில் அது உயிருக்கு விலை பேசும் செயலாகிறது. 1947இன் தில்லி அத்தகையது. 1941இல் 9 இலட்சத்தைச் சற்றே கடந்திருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளர்ச்சிக்குள் மேற்குப் பஞ்சாபிலிருந்து அனைத்தையும் இழந்து வந்தவர்களின் பெருக்கமும், தில்லியை விட்டு வெளியேறியவர்களின் இழப்பும் ஒருசேர மறைந்துள்ளன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்த முசுலிம்கள், பத்தாண்டுக்குள் இருபதில் ஒரு பங்கினராகக் குறைந்தனர். 1947 செப்டம்பரில் வீடுகளை விட்டோடிய முசுலிம்கள் புராணா கிலாவிலும் உமாயூன் கல்லறை வளாகத்திலும் தஞ்சமடைந்தனர். இன்றைய கிட்வாய் நகரிலிருந்து உமாயூன் கல்லறை வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

அவ்வாண்டின் ஆகஸ்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. ஜாமியா மில்லியா இசுலாமியாவின் துணைவேந்தர் ஜாகிர் உசேன் காசுமீர் செல்லும் வழியில் ஜலந்தர் இரயில் நிலையத்தில் கொலைவெறிக் கும்பலிடம் சிக்கினார். அவரைக் காத்தவர்கள் ஒரு சீக்கியப் படைத்தலைவரும் ஓர் இந்து இரயில்வே அலுவலரும். சில நிமிடங்கள் நீடித்த துணிவு அது. தில்லி திரும்பிய ஜாகிர் உசேன் அகதிகளின் துயர்துடைப்பில் ஈடுபட்டார்; 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அந்த இருவரும் எதிர்காலக் குடியரசுத் தலைவரைக் காக்கிறோம் என்றெண்ணித் தலையிடவில்லை. நிலையத்தில் உயிருக்கு ஆபத்தான நிலையில் நின்ற ஒருவரையே கண்டனர். பயன் பின்னர் பெருகியது. செயலின் காரணத்தில் அப்பயனுக்கு இடமில்லை.

அதே காலத்தில் ரஃபியின் தம்பி ஷஃபி அகமது கிட்வாய் முசூரி நகராட்சியின் நிர்வாகியாக இருந்தார். கலவரம் மலைநகரையும் பற்றியது. வெளியேறிவிடுமாறு உற்றார் வேண்டியும் அவர் பணியிடத்தை விட்டு அகலவில்லை. 1947 அக்டோபரில் கொலையுண்டார். ஜலந்தரில் தலையிட இருவர் இருந்தனர். முசூரியில் ஷஃபிக்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. கருணையின் வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டாம் நிகழ்ச்சியை விலக்கிவிட்டு முதலாவதை மட்டும் எழுதினால் அது ஆறுதல் இலக்கியமாகவே முடியும்.

முகாமில் ஒரு கைம்பெண்

ஷஃபியின் மனைவி அனீஸ், 'பம்பூக்' என்ற புனைபெயரில் அங்கதம் எழுதிய வலாயத் அலியின் மகள். கணவரின் கொலைக்குப் பின் அவர் தில்லி சென்று காந்தியைச் சந்தித்தார். அச்சந்திப்புக்குப் பின் அகதி முகாம்களின் பணியில் இறங்கினார். மிருதுளா சாராபாய், சுபத்ரா ஜோஷி போன்றோருடன் இணைந்து உழைத்தார். நோயுற்றோரைக் கவனித்தல், உடையும் மருந்தும் சேர்ப்பித்தல், பிரிந்த உறவினரைத் தேடுதல், காணாமற்போன பெண்களைப் பற்றிய செய்தி திரட்டுதல் ஆகியன அவருடைய அன்றாடப் பணிகள். ஒவ்வொன்றும் சிறியது, ஒன்றேனும் முழுமையடையாதது. ஒருவர்க்கு உடை கிடைத்த வேளையில் மற்றொருவர் இறந்துகொண்டிருந்தார்.

இவ்வனுபவங்களை அவர் உருது மொழியில் 'ஆசாதி கி சாவ் மேன்' (விடுதலையின் நிழலில்) என்னும் நூலாக எழுதினார். 1949இல் எழுதப்பட்ட அந்நூல் 1974இல்தான் அச்சேறியது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வந்தது. அதைச் செய்தவர் அவருடைய பெயர்த்தியும் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியருமான ஆயிஷா கிட்வாய். எழுதியதற்கும் அச்சுக்கும் இடையே 25 ஆண்டுகள். அச்சுக்கும் உலக வாசிப்புக்கும் இடையே மேலும் 37 ஆண்டுகள்.

பிரிவினை ஆய்வுக்கு இந்நூலின் பங்களிப்பு பெரிது. அரசு ஆவணங்கள் கலவரத்தைப் பதிவுசெய்கின்றன. ஊரடங்கு, துப்பாக்கிச்சூடு, இறந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கோப்புகள் உண்டு. அண்டை வீட்டார் ஒரு குடும்பத்தை இரவில் மறைத்துவைத்ததற்குக் கோப்பு இல்லை. மறைத்தவரே அதை வெளியில் சொல்ல அஞ்சினார். இவ்வாறு உருவாகும் ஆவணக் காப்பகம் மனிதர்களின் கொடுமையை விரிவாகவும் அவர்களின் இரக்கத்தை அரிதாகவும் காட்டும். இந்த ஏற்றத்தாழ்வு நடந்தவற்றின் விகிதமன்று, பதிவுமுறையின் விளைவு. அனீசின் நூல் கொலையையும் கொள்ளையையும் மறைக்காமலே, மூன்று சமயத்தாரிடமும் தாம் கண்ட இரக்கச் செயல்களையும் எழுதிவைத்தது.

கருணை ஆணையாக மாறும்போது

அனீசின் எழுத்தில் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் நாடும் பகுதி, கடத்தப்பட்ட பெண்களின் மீட்பு பற்றியது. 1947 டிசம்பரில் இந்தியாவும் பாகிசுத்தானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கடத்தப்பட்ட பெண்களை மீட்டு அவரவர் நாட்டுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. இந்தியாவில் இருந்த முசுலிம் பெண்கள் 50,000 பேர், பாகிசுத்தானில் இருந்த இந்து, சீக்கியப் பெண்கள் 33,000 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. 1949இல் இதற்கென இந்தியாவில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ், மீட்கப்படும் பெண்ணின் விருப்பம் முடிவான ஒன்றாகக் கருதப்படவில்லை.

நோக்கம் இரக்கமே என்பதில் ஐயமில்லை. ஆனால் சில பெண்கள் திரும்பிச்செல்ல மறுத்தனர். புதிய வாழ்வில் வேரூன்றியோர், குழந்தை பெற்றோர், பிறந்த வீடு தம்மை ஏற்குமா என்று அஞ்சியோர் அவர்களுள் இருந்தனர். மீட்புப் பணியில் தாமே ஈடுபட்டிருந்த அனீஸ், இம்மறுப்பின் காரணங்களை அக்கறையோடு பதிவுசெய்தார். 1998இல் வெளிவந்த ஊர்வசி புட்டாலியாவின் நூலும், ரிது மேனன், கமலா பாசின் இணைந்து எழுதிய நூலும் இம்மீட்பை விரிவான விமர்சனத்துக்கு உட்படுத்தின. தேசத்தின் மானம் என்ற கருத்து, பெண்ணின் விருப்பத்தை விழுங்கிவிட்டதை அவை காட்டின.

சிற்றுதவி என்ற பொருளுக்கு இவ்விவாதம் இன்றியமையாதது. அறியாதவர்க்கு உதவும்போது, அவருக்கு எது வேண்டும் என்பதை அவரிடமே கேட்கவேண்டியுள்ளது. முகாமில் ஒரு பெண்ணின் அருகமர்ந்து அவள் சொல்வதைக் கேட்பதும், சட்டத்தின் துணையோடு அவளை வண்டியில் ஏற்றி அனுப்புவதும் ஒரே இரக்கத்திலிருந்து பிறக்கலாம். முதலாவதில் அவள் பேசுகிறாள். இரண்டாவதில் அவளுக்காகப் பிறர் பேசுகின்றனர். உதவி சிறியதாக இருப்பதன் ஒரு நன்மை, கேட்பதற்கு அதில் நேரம் இருப்பதே.

பயன் எங்கே திரும்புகிறது?

இக்குடும்பத்தின் வரலாற்றில் நேர்க் கைம்மாறு என்று சொல்லத்தக்கது சொற்பம். ரஃபியின் கடனை அவருடைய கொடை அடைக்கவில்லை. அனீசின் தொண்டு ஷஃபியைத் திருப்பித் தரவில்லை. அவர் 1956 முதல் 1968 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்து 1982இல் காலமானார். அப்பதவியை முகாம் பணிக்கான வெகுமதியாகக் கொள்வது இரண்டையும் சிறுமைப்படுத்தும்.

நிலைத்த பயன் வேறு வடிவங்களில் காணப்படுகிறது. ஒன்று, சாட்சியம். அனீஸ் எழுதிவைத்திராவிட்டால், தில்லி முகாம்களில் பேசிய பல பெண்களின் குரல் இன்றைய ஆய்வாளரை எட்டியிராது. அவர் அப்பெண்களுக்குச் செய்த சிற்றுதவி கேட்டல். அரை நூற்றாண்டுக்குப் பின் அதுவே ஓர் ஆய்வுத்துறையின் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. மற்றொன்று, கொடுத்தவரிடம் நிகழும் மாற்றம். பழிவாங்கும் மனநிலைக்கு எல்லா நியாயமும் இருந்த ஒருவர், அதே ஆண்டின் இறுதிக்குள் பிறரின் காணாமற்போன மகள்களைத் தேடிக்கொண்டிருந்தார். தொண்டு அவருடைய துயரை ஆற்றியது என்று சொல்ல இயலாது. துயர் பகையாக உறைந்துபோகாமல் காத்தது என்று கொள்ள அவர் நூலே இடந்தருகிறது.

உலகில் இத்தகைய செயல்களைப் பதிவதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. எருசலேமிலுள்ள யாத் வாசெம் நிறுவனம் 1963 முதல், நாசிப் படுகொலையின்போது யூதரைக் காத்த யூதரல்லாதோரின் பெயர்களை ஆராய்ந்து பதிந்துவருகிறது. இதுவரை ஏற்கப்பட்டோர் 27,000க்கும் மேற்பட்டோர். உயிருக்கு ஆபத்து இருந்திருக்க வேண்டும், பொருள் பெற்றுக்கொண்டு செய்ததாக இருத்தல் கூடாது என்பன அதன் அளவுகோல்களுள் அடங்கும். கைம்மாறு வாங்கியிருந்தால் அப்பட்டியலில் இடமில்லை. இந்தியத் துணைக்கண்டப் பிரிவினைக்கு இத்தகைய முறையான பதிவேடு உருவாகவில்லை. வாய்மொழி வரலாறு தொகுப்போர் அண்மைக்காலத்தில் அக்குறையைச் சிறிது நிரப்பிவருகின்றனர். சாட்சிகள் ஒவ்வொருவராக மறைந்துவரும் வேளையில், இது இளம் ஆய்வாளர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

இன்றைய கிட்வாய் நகர்

தில்லிக்குப் புதிதாக வேலைக்கு வந்த தமிழ் இளைஞர்க்கு அரசுக் குடியிருப்பு உடனே கிடைப்பதில்லை. ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊர்க்காரர் என்ற அளவிலோ, ஊர்க்காரருக்குத் தெரிந்தவர் என்ற அளவிலோ, இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் அவருக்கு ஒரு மூலை ஒதுக்கித் தந்த குடும்பங்கள் இத்தகைய குடியிருப்புகளில் பல இருந்தன. அண்டையிலுள்ள இலட்சுமிபாய் நகரில் இன்றும் இயங்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் வேர், 1923இல் இடம்பெயர்ந்து வந்த ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சிறு முயற்சியில் உள்ளது. முன்னே வந்தவர் பின்னே வருபவர்க்குச் செய்த உதவி அது. பெற்றவர் அதைத் தந்தவரிடம் திருப்பிச் செலுத்தவில்லை. அடுத்த வண்டியில் வந்தவருக்குச் செலுத்தினார்.

வட்டச் சாலைக்கு அப்பால் நிற்கும் எய்ம்ஸ் மருத்துவமனையும் இவ்வகையில் பொருளுடையது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்நிறுவனத்துக்கு, கொழும்புத் திட்டத்தின் வழியே நியூசிலாந்து அளித்த நிதி தொடக்க முதலாக அமைந்தது. அதற்காகப் பாடுபட்ட நலவாழ்வு அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், சிம்லாவிலிருந்த தம் மாளிகையையும் அந்நிறுவனத்துக்கே வழங்கினார். அங்கே வந்து வரிசையில் நிற்கும் பீகார் உழவருக்கோ ஒடிசாத் தொழிலாளிக்கோ நியூசிலாந்தின் வரிசெலுத்துவோர் யாரென்று தெரியாது. அவர்களுக்கும் இவர்களைத் தெரியாது. டிட்மஸ் குருதிக்கொடையில் கண்ட உறவு இங்கும் உள்ளது. நடைபாதையில் உறங்கும் நோயாளிகளின் உறவினர்க்கு உணவும் போர்வையும் கொண்டுவருவோர் இன்றும் அச்சாலையில் காணப்படுகின்றனர். அவர்கள் பெயரைக் கேட்பவர் அரிது.

கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய தாழ்ந்த வீடுகள் கடந்த பத்தாண்டில் இடிக்கப்பட்டு, ஏறத்தாழ 86 ஏக்கரில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்துள்ளன. அவற்றினூடே லோடி சுல்தான்கள் காலத்துத் தாரியா கானின் கல்லறை எஞ்சி நிற்கிறது. வீடுகள் மாறின, குடியிருப்போர் மாறினர், இரவு விமான அஞ்சலும் நின்று பல்லாண்டுகள் ஆயின. கடனை மட்டும் விட்டுச்சென்ற ஒருவரின் பெயர், முகவரியாக இன்னும் எழுதப்பட்டுவருகிறது. அப்பெயரின் நிழலில், நகருக்கெதுவும் பெயராகாத அனீசின் நூலும் வாசிக்கப்படவேண்டும். 1947இன் தில்லியில் யார் யாரைக் கொன்றனர் என்பதுடன், யார் யாருக்குக் கதவைத் திறந்தனர் என்று கேட்க விரும்பும் மாணவர்க்கு அது தொடக்க நூலாகும்.